மெட், மது, மீ

போன ஞாயிறு ரானுயியில் ஒரு வீட்டு வாசலில் தேன் விற்றார்கள். போத்தலில் நீல மையால் குரோவேஷிய மொழியில் ‘மெட்’ என்று எழுதியிருந்தது. தேன் என்று அர்த்தம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாட்ஸ் ஃபன்னி, அப்பா?” என்றாள் மகள். “ஒண்டுமில்லை பிள்ளை,” என்றேன். காருக்குள் மூடியைத் திறந்து முகர்ந்தால் தேன் மணக்கவில்லை; ஈர அட்டைப்பெட்டியும் ஆப்பிளும்தான் மணந்தன.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மாசி என்ற ஊர்ப் பக்கம் ஆப்பிள் தரம் பிரிக்கும் ஒரு ஷெட்டில் வேலை செய்தேன். பெல்ட்டின் ஒரு பக்கம் அன்டே, குரோவேஷியாக்காரன். எதிர்ப்பக்கம் டிராகன், செர்பியாக்காரன். இருவரும் கதைப்பது ஏறக்குறைய ஒரே மொழி. ஆனால் அவர்கள் நாட்டுச் சண்டைக்குப் பிறகு ஒருவன் முகத்தை மற்றவன் பார்ப்பதில்லை. நடுவில் நின்ற நான்தான் தபால்காரன். “அவனிட்டச் சொல்லு, பெட்டியைத் தள்ளச் சொல்லி,” என்பான் அன்டே. மூன்றடி தள்ளி நிற்கும் டிராகனுக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை அசையமாட்டான். அவர்கள் என்னோடு பேசியது உடைந்த ஆங்கிலம்தான்; என் ஞாபகத்தில் ஏனோ அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது.

தேநீர் இடைவேளையில், அதற்கு இங்கே ஸ்மோகோ என்று பெயர், இருவரிடமும் தனித்தனியாகச் சொற்களைக் கேட்டுச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. நாள் இருவருக்கும் ‘டான்’. தேன் இருவருக்கும் ‘மெட்’. பாண், அதாவது ரொட்டி, மட்டும் பிரிந்துபோயிருந்தது: அன்டேக்கு ‘க்ரூஹ்’, டிராகனுக்கு ‘ஹ்லெப்’. ஹ்லெப் பழைய ஜெர்மானியரிடமிருந்து வந்தது, ஆங்கில ‘லோஃப்’ அதற்குச் சொந்தம் என்று பிற்பாடு நூலகத்து அகராதியில் பார்த்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் டிராகனைச் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

ஒருநாள் எனக்கு வாய் பொறுக்கவில்லை. “உங்கட மெட் எங்கட மது. உங்கட டான் எங்கட தினம். ரெண்டு பேரும் எங்களிட்ட எடுத்ததுதான்,” என்று மேசைக்குப் பொதுவாக அறிவித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“இவனுக்கு விசரோ?” என்று அன்டே கேட்டது என்னிடம் அல்ல, டிராகனிடம்.

“முழு விசர்,” என்றான் டிராகன்.

அவ்வளவுதான். என்னைத் தோற்கடிப்பதற்காக இருவரும் கூட்டுச் சேர்ந்து, தங்கள் மொழியில் பிய்த்து உதறத் தொடங்கினார்கள். என் தபால் உத்தியோகம் அன்றோடு போயிற்று.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, மேசையின் கடைசியில் இருந்த சுனில், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, “தேனுக்கு எங்கட சொல் ‘மீ’,” என்றான். சுனில் சிங்களவன். அந்தப் பருவம் முழுவதும் ஒன்றாக வேலை செய்தும் அவனோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஊரில் எங்கள் வீட்டை எரித்தது அவன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினேன். அடுத்த கிழமை பருவம் முடிந்து அவன் பாபகூராப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான்.

நூலகத்து அகராதி என் மானத்தையும் வாங்கியது. மது நாங்கள் வடமொழியிடம் இரவல் வாங்கிய சொல், எங்களுடையது தேன். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு மினுக்கியிருக்கிறேன். மெட்டுக்கு இரத்த உறவு சுனிலின் ‘மீ’தான். அன்று அந்த மேசையில் மற்ற மூவரும் சொந்தக்காரர், நான்தான் விருந்தாளி. ஆனால் விருந்தாளிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோனது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது நெருக்கியடித்து வீடுகள். அன்டே இறந்தபோது அவன் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் முன்னால் நின்றது டிராகன். நான் பின்னால் நடந்துகொண்டு, அவர்களைச் சேர்த்துவைத்தது நான் என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன். சுனில் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. முழுப்பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. “ஓமோ, ‘மீ’ எண்டோ சொல்லுவியள்?” என்று அன்றைக்குத் திருப்பிக் கேட்டிருந்தாலே போதும், அவன் மிச்சத்தைச் சொல்லியிருப்பான்.