உப்புக் குடித்த கள்ளி

என் கள்ளிக்கு முள் இருக்கிறது என்பதுதான் எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் பிரச்சினை. கள்ளிக்கு முள் இல்லாமல் மல்லிகைப் பூவா இருக்கும்?

கரீபியன் கடலில் உள்ள சில சின்னத் தீவுகளில் மட்டும் தானாக முளைக்கிற இனம் அது. அங்கேயும் இப்போது அருகிவிட்டது. ஆடு கடித்தது போக, புயல் பிடுங்கியது போக, ஹோட்டல் கட்ட வழித்துத் தள்ளியது போக, மிச்சம்தான் பாறை இடுக்குகளில் நிற்கிறதாம். லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த செடி விற்பனையில் அதை வாங்கினேன். விற்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வெள்ளைக்காரர். விதை போட்டு வளர்த்துப் பத்து வருஷமாம். உரித்த தேங்காய் அளவில் உருண்டையாக இருந்தது. "மனம் வந்தால் ஒருநாள் தலையில் சிவப்புத் தொப்பி போடும். அதற்குப் பிறகுதான் பூவும் பழமும். மனம் வராவிட்டால் கடைசிவரை இப்படியேதான்" என்றார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

குட்மேய்ஸில் ஒற்றை அறை பிளாட்டில் நானும் அதுவும்தான். தெற்குப் பார்த்த ஜன்னலும் அதன் கீழே ஹீட்டரும் அதற்கு, மிச்ச இடம் எனக்கு. நான் பஸ் ஓட்டுகிறேன். கணவரை விட்டு வந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் கள்ளி வீட்டுக்கு வந்தது. இந்த வரிசையை எத்தனை தரம் சொன்னாலும் அண்ணிக்கு ஏறாது.

"முள்ளுச் செடி இருக்கிற வீட்டிலை குடும்பம் நிலைக்காது. நான் சொன்னாக் கேக்கமாட்டீர்."

"அண்ணி, குடும்பம் போனதுக்குப் பிறகுதான் முள்ளு வந்தது."

"அப்ப திரும்பி வாறதை அது மறிக்குது."

திரும்பி வருவதற்கு யாரும் வாசலில் நிற்கவில்லை. நின்றாலும் நான் கதவைத் திறக்கப் போவதில்லை. ஆனால் அண்ணைக்கும் அண்ணிக்கும் வேறு ஒரு திட்டம் இருந்தது. நோர்பரியில் அவர்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. பிளாட்டை விட்டுவிட்டு நான் அதில் வந்து இருக்கவேண்டுமாம். பொம்பிளை தனிய இருந்தால் சனம் கதைக்குமாம். எழுபது பயணிகளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸைத் திருப்புகிறவளுக்குத் தனியாக ஒரு கதவைப் பூட்டத் தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன இலையுதிர்காலத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். எனக்குக் கண்ணூறு நாவூறு பட்டிருக்கிறது என்று அண்ணி முடிவு கட்டியிருந்தார். சொல்லிப் பயனில்லை, இருந்து கொடுத்தேன். ஒரு பிடி கல்லுப்பு, ஏழு காய்ந்த செத்தல் மிளகாய்; தலையை மூன்று தரம் சுற்றினார். அதன் பிறகு அதை நெருப்பில் போடவேண்டும். நோர்பரியில் ஒருதரம் அப்படிப் போட்டு, புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பயம் அண்ணிக்கு இன்னும் போகவில்லை. நான் குழம்பைப் பார்க்கப் போன நேரத்தில், வினை எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும் என்று எல்லாவற்றையும் கள்ளிச் சட்டிக்குள் புதைத்து, மேலே ஒரு கிளாஸ் தண்ணீரும் ஊற்றிவிட்டார்.

குளிர் தொடங்கினால் நான் அதற்குத் தண்ணீர் விடுவதில்லை, மண்ணைக் கிளறுவதுமில்லை. அதனால் மூன்று வாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அடிப்பக்கம் மஞ்சளாகத் தொடங்கிய பிறகுதான் சட்டியைக் கவிழ்த்தேன். ஊறிப்போன மிளகாய்கள் விழுந்தன. குந்தியிருந்து அழுதேன். அழுகை முடிந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"உப்போ? நல்லதுக்குத்தானே போட்டனான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை வந்தார், அண்ணி செய்த பிழைக்குச் சமாதானம் சொல்ல வந்தவர்போல. வேர் கழுவிப் பேப்பரில் காயவைத்திருந்த கள்ளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாத்தியோ, முள்ளுச் செடிக்கே இந்த வீடு ஒத்துவரேல்லை. உனக்கு ஒத்துவருமோ? சாமான்களைக் கட்டு, நான் வான் வண்டி கொண்டு வாறன்."

எனக்கு வந்த கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "சரி அண்ணை. இது செத்தா வாறன். பிழைச்சா அந்த அறைக் கதையை ரெண்டு பேரும் திரும்ப எடுக்கக்கூடாது."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது" என்றார் அண்ணை. சிரித்தபடி போனார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. ஒரு செடியின் வேரில் என் வீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தபால்காரருக்குப் போன் அடித்துக் கேட்டேன். அவர் சிரித்ததும் உண்மை, சிரித்து முடித்து மெதுவாகச் சொன்னதும் உண்மை. அந்தத் தீவுகளில் கடல் கொந்தளித்தால் அலை நேராக இதன் தலையில்தான் விழுமாம். உப்புக் காற்றுக்குள்ளேயே நிற்கிற சாதியாம். ஆனால் சட்டிக்குள் ஒரு பிடி உப்பு வேறு விஷயம். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். புது மண்ணில் வைத்துவிட்டுக் கை வைக்காமல் இரு என்றார்.

நானும் ஒரு சின்னத் தீவில் பிறந்தவள்தான், யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவுப் பக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில்தான் தேத்தண்ணி, அதில்தான் குளிப்பு. அந்த ஊரைப் பற்றி எனக்குப் பெரிதாக ஏக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் உப்பு ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஷிப்டுக்குப் போகுமுன் ஒற்றை விரலால் அதன் அடியை அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருந்தால் அழுகல், நான் நோர்பரிக்கு. விரலில் முள் குத்தாத நாள் குறைவு. ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டுதான் தொட்டேன்.

கல்லுப்போல் கிடந்தது. தை, மாசி, பங்குனி, எல்லாம் கல்லு. சித்திரையில் மஞ்சள் தழும்பாகக் காய்ந்து நின்றுவிட்டது. ஆடியில் உச்சியில் வெள்ளைப் பஞ்சு கட்டியது. அதற்குள்ளிருந்து சிவப்பு முள்மயிர் எழும்பி, ஒரு விரல் உயரத்துக்குத் தொப்பி! நான் படம் எடுத்து அண்ணைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு மார்கழியில் வந்த நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணி, "தொப்பிதானே, அது பூசணமாயும் இருக்கலாம்" என்றார்.

இந்த வருஷம் அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து பழம் வெளியே தள்ளியது. ரோஸ் நிறம், நீட்டு, நுனி கூர். பார்த்தால் அச்சாக மிளகாய்தான். சரியாக ஏழு இல்லை, ஐந்து. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு, இரண்டு ரயில் மாறி நோர்பரிக்குப் போனேன். அண்ணி மூடியைத் திறந்தார்.

"என்ன, மிளகாயோ?"

"ஓம் அண்ணி. நீங்கள் போட்டது. இப்பதான் காய்ச்சுது."

அண்ணி என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பல் நுனியால் கடித்தார். உறைக்கும் என்று முகத்தைச் சுருக்கியவர், சுருக்கம் மெல்ல விரிய, "புளிக்குது. இனிக்கவும் செய்யுது" என்றார். இன்னொன்றை எடுத்தார்.

அண்ணை டீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மேல் அறையிலை நாங்கள் அரிசி மூட்டையளை வைக்கலாம் எண்டு யோசிக்கிறம்" என்றார்.

"வையுங்கோ அண்ணை" என்றேன்.