மை பட்ட விரலும் படாத விரலும்

"உன் நாட்டில் தேர்தல் வருகிறதாம், வாழ்த்துகள்." இந்த ஒரு வாக்கியத்தை பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். நோர்வேக்கு வந்து அரைவாசி ஆயுள் போய்விட்டது. ஆனாலும் நானாக ஒரு கதையைத் தொடங்குவதென்றால் ஒத்திகை இல்லாமல் எனக்கு வராது.

லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுபவள் பர்மாக்காரி, என்னைவிட இளையவள். மற்றத் தமிழ்ப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அக்கா என்பாள். மிச்சக் கதையெல்லாம் எங்கள் இருவருடைய அரைகுறை நோர்வேஜிய மொழியில்தான். அவளுடைய நாட்டில் இராணுவம் தேர்தல் நடத்தி மக்களிடம் ஆட்சியைக் கொடுக்கப்போகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நல்ல செய்தி என்று நினைத்து, கேசரி கிண்டிக்கொண்டு போயிருந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லி அதை அவளிடம் நீட்டினேன்.

அவள் கேசரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, யூனிபோமைக் கழட்டிப்போட்டுச் சாரம் கட்டினா ஆள் மாறுமோ? அதே ஆள்தானே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் கரண்டியை எடுத்தாள். "இதைத் தேர்தலுக்காகச் சாப்பிடேல்லை. பசிக்குச் சாப்பிடுறன்."

பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். கணவர் சிரித்தார். "ஆமி வைக்கிற தேர்தலுக்குக் கேசரி கிண்டின முதல் ஆள் நீதானப்பா."

"அப்ப தேர்தல் வைக்காமல் விடுறது நல்லதோ?"

அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். "அதுவும் கூடாதுதான்" என்றுவிட்டு டீவியைப் பார்க்கத் தொடங்கினார்.

வாக்களிப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது அவளே என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மாவும் தங்கச்சியும் அங்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். வாக்குப் போட்டவர்களின் விரலில் மை பூசுவார்கள், அது இலேசில் போகாது. ஊருக்குள் இருக்கும் இராணுவம் மை இல்லாத விரலைத் தேடும். காட்டில் இருந்து சண்டை பிடிப்பவர்கள் மை உள்ள விரலைத் தேடுவார்கள்.

"உங்கட ஊரிலயும் இப்பிடி நடந்ததெண்டு சொன்னனீங்கள். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அப்போது நான் சிறுபிள்ளை. ஆமி வாக்குப் போடச் சொன்னது, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பெடியள் போடக்கூடாது என்றார்கள். அப்பா போய்ப் போட்டார். அம்மா போகவில்லை. ஆமி வந்தால் அப்பா வாசல் படலைக்குப் போவார், பெடியள் வந்தால் அம்மா போவா. "இந்தமுறை உங்கட ஆக்கள், விரலை நீட்டிக்கொண்டு போங்கோ" என்று அம்மா பகிடி பண்ணுவா. இதை ஒரு பகிடிக் கதையாகத்தான் அவளுக்குச் சொன்னேன். அவளோ சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலுக்குப் போய் உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

தங்கச்சி இந்தத் தேர்தலை அடியோடு வெறுத்தாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி சிறையில் இருந்தாள். ஆகவே அம்மாதான் வாக்குப் போடப் போனா. மை பூசிய விரலின் படம் போனுக்கு வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

சில வாரம் கழித்துத்தான் கேட்கத் துணிந்தேன். "ஆரும் வந்து பாத்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை. ஆமியும் வரேல்லை, மற்ற ஆக்களும் வரேல்லை. தங்கச்சிதான் பாக்கிறாள். அம்மா சோறு போட்டா, அந்தக் கையைப் பாத்திட்டு எழும்பிப் போறாளாம். ஒரு சொல் கதைக்கிறேல்லை."

எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தத் தேர்தலிடம் அப்பாவோ அம்மாவோ எதையும் எதிர்பார்க்காததால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீங்களே சொல்லுங்கோ" என்று வீடியோவில் தங்கச்சியை எடுத்து, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் மெலிந்த ஒரு பெண். ஒத்திகை பார்க்க நேரமிருக்கவில்லை.

"அம்மாவில பிழையில்லை. நான் சொன்ன கதையைக் கேட்டுத்தான் போனவ."

பர்மாக்காரி அதை மொழிபெயர்த்தாள். தங்கச்சி நீளமாக ஏதோ சொன்னாள்.

"உங்களுக்கு இஞ்சை வாக்கு இருக்கோ எண்டு கேக்கிறாள்."

"ஓம்."

"போட்டு என்ன மாறினது எண்டு கேக்கிறாள்."

புருசெத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பள்ளிக்கூடத்தில் போய்ப் போடுவேன். யார் வென்றாலும் அடுத்த நாள் வேலைக்கு வருவேன். அது நல்லதா கெட்டதா என்று யோசித்ததில்லை. அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் இடையில் புகுந்து எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. தங்கச்சி சட்டென்று திரும்பிச் சுள்ளென்று ஏதோ சொன்னாள்.

பர்மாக்காரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, அம்மாவோட கதைச்சிட்டாள்!"

"என்னவாம்?"

"நான் போன் கதைக்கேக்குள்ள பின்னால நிண்டு கத்தாதை எண்டு."