சவரக்கடையில் ஒரு சரபாந்தா

முன்கடையிலிருந்து கித்தார் ஒலி வந்தது. பின்கட்டு அடுக்களையில் கொண்டைக்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த லியோகாதியாவின் கை அப்படியே நின்றது.

காத்திருப்பவர்கள் எடுத்து வாசிக்கத்தான் செவிய்யா நகரத்துத் திரியானாப் பேட்டையின் ஒவ்வொரு சவரக்கடையிலும் கித்தார் தொங்குகிறது. ஆனால் இது சரபாந்தா, அரசு தடைசெய்த ஆட்டத்தின் மெட்டு! ஆடினாலும் பாடினாலும் ஆணுக்குச் சாட்டையடி, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்ணுக்கு நாடுகடத்தல்.

இளம் வயதில் செவிய்யாத் துறைமுகத்தில் அவள் துணி வெளுத்தபோது, கியோமார் என்ற அடிமைப் பெண் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தாள். லியோகாதியா ஆடியதைக் கண்டு மயங்கித்தான் சவரக்காரன் ஹினேஸ் அவளை மணந்தான். தடை வந்தபின் இருவரும் தங்களுக்குள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

முன்கடைக்கு வந்தாள். கித்தாருடன் ஒரு புது ஆள். திரியானாச் சேற்றில் நடந்து வந்தவனுக்கு இத்தனை சுத்தமான காலணியா? அதிகாரிகள் அனுப்பிய உளவாளியோ?

"கீழ வைங்க ஐயா, தந்தி அறுந்து கண்ணுல அடிச்சிடும்" என்றான் ஹினேஸ். கையில் சவரக்கத்தி நடுங்கியது.

"இந்தக் கைக்குத் தொண்டையைக் குடுக்கறதுக்கு, தந்திக்கே கண்ணைக் குடுத்துடலாம்!" வந்தவன் சிரித்தான். "இந்த ஆட்டம் எங்கேர்ந்து வந்துச்சு அம்மணி? மேற்குத் தீவுக் கப்பல்ல வந்துச்சுங்கறான் ஒருத்தன். முன்னே இங்க ஆண்ட மூர்க்காரங்க விட்டுட்டுப் போனதுங்கறான் இன்னொருத்தன்."

"நரகத்துலேர்ந்துன்னு சாமியார் சொன்னாரு."

"நற்கருணைத் திருநாள் தேர்ல ஆடவைக்கணும். சாமி வார்த்தை போட்டுப் பாடினா கோயில்ல ஒத்துக்கறாங்க. மெட்டு இருக்கு, காலடிதான் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

சாமி வார்த்தையா? நல்ல தூண்டில்! இவன் கியோமாரின் பெயரையும் பிடுங்காமல் போகமாட்டான்.

அவன் மறுபடி மீட்டினான். நடுவில் வேண்டுமென்றே ஒரு தாளத்தட்டை விட்டான். விட்ட இடத்தில் தரை 'டக்' என்றது. லியோகாதியாவின் குதிகால்!

வந்தவன் அவள் பாதத்தையே பார்த்தான்.

"பாழாப்போன காலு" என்றாள், முகம் மாறாமல். "பிரசவத்துல நரம்பு இழுத்துக்கிச்சு. தானா உதறும்."

"நான் விட்ட எடத்துல சரியா உதறுதே?"

"அதைக் காலுகிட்ட கேளுங்க."

அவன் கித்தாரைச் சுவரில் மாட்டினான். சவரம் செய்துகொள்ளாமலே எழுந்தான். "நிஜமாவே தேருக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லி வெளியேறினான்.

நிஜமாகவே இருக்கலாம். யார் கண்டது? தெருவில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு காலத்தில் துறைமுகமே கைதட்டிய அந்தக் காலை இழுத்து இழுத்து நொண்டியபடி வாசலுக்குப் போய், லியோகாதியா கதவைச் சாத்தினாள்.