ஒரு முழம் டேப்

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு வீடியோ கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி கையில் பிளேடைக் கொடுத்தார். "கசங்கின டேப்ப யோசிக்காம வெட்டு. அது படத்தப் படிக்கிற ஹெட்டு மேல ஏறிச்சுன்னா வீடியோ டெக்கே காலி. ஒரு முழம் போனா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

ஒரு முழம் என்றால் பதினாலு செகண்ட் படம். உண்மையிலேயே யாரும் கேட்டதில்லை. சண்டைப் படத்தில் நாலு குத்து குறைந்தால் யாருக்குத் தெரியும்? வெட்டிய துண்டுகளை ஆணியில் மாட்டி வைப்போம். கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர், நெல் வயலில் குருவி விரட்டக் கட்டுவதற்கு வந்து எடுத்துப் போவார்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். ஆசிரமப் பக்கம் வாடகை அறையில் இருந்த கொரியா அம்மா ஒருவர், வீட்டுக்கார ருக்மணி அம்மாவோடு வந்தார். கையில் ஒரு கேசட். அவர்கள் ஊர் டிவியில் வந்த ராஜா காலத்துத் தொடராம். சென்னையில் யார் வீட்டிலோ போட்டபோது டேப் சிக்கிவிட்டது. அந்த வெளிநாட்டுக் கேசட் ஓடும் மல்ட்டி சிஸ்டம் டெக் ஊரிலேயே எங்களிடம்தான் இருந்தது.

"நாளைக்கு வாங்கம்மா, போட்டுக் காட்டுறேன்," என்றேன். திறந்து பார்த்தால் ஒரு முழம் கசங்கியிருந்தது. பழக்கதோஷம். வெட்டி ஒட்டிவிட்டு, துண்டை ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். எங்கள் டிவியில் அந்த டேப்புக்குக் கலர் வராது, படமும் உருளும். பின்னால் இருக்கும் வி-ஹோல்டு திருகை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். டிவிக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் அந்த அம்மா அசையவில்லை. திடீரென்று, நான் ஒட்டிய இடத்தில், சத்தம் ஒருமுறை துள்ளியது. அவர் கையைத் தூக்கினார். ரீவைண்ட் செய்து போட்டேன். மறுபடியும் துள்ளல். அவர் முகம் வெளுத்துவிட்டது. அரைகுறை இங்கிலீஷில் ருக்மணி அம்மாவிடம் ஏதோ சொன்னார்.

"இந்த இடத்துலதாங்க அவங்க பையன் வருவான்," என்றார் ருக்மணி அம்மா. "ராஜாகிட்ட கடுதாசி குடுத்துட்டு, குனிஞ்சு கும்புட்டுட்டுப் போவான். அவ்ளோதான் அவன் பார்ட்டு. பையன் இப்ப உயிரோட இல்லீங்க. அந்த இடத்தையே நிறுத்தி நிறுத்திப் பாத்துதான் டேப் நைஞ்சு போச்சாம்."

தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி, ஒரு நாள் டயம் கேட்டேன். அவர்கள் போனதும் போய்ப் பார்த்தால் ஆணி காலியாக இருந்தது.

"காலையிலதான்ப்பா அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரு வந்து எடுத்துட்டுப் போனாரு," என்றார் முதலாளி.

பஸ் பிடித்துப் போனேன். வயலில் பாதி டேப்பைக் கட்டியாகிவிட்டது. "குடுத்தத திருப்பிக் கேக்குறியே, குருவிய நீ வந்து ஓட்டுவியா?" என்றார் விவசாயி. விஷயத்தைச் சொன்னேன். அவரே இறங்கி முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். மொத்தம் பதினேழு துண்டு.

எது அந்த அம்மாவுடையது என்று கண்டுபிடிக்க, துடைத்து, ஒவ்வொன்றாகப் பழைய கேசட் ஒன்றில் ஒட்டி ஓட்டினேன். "ஹெட்டு போயிடும்டா, பைத்தியமா நீ?" என்று முதலாளி திட்டினார். அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து செல்லோடேப் வெட்டிக் கொடுத்தார். பதினோராவது துண்டில் நீள அங்கி போட்ட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். உடனே நிறுத்தினேன். அதற்கு மேல் ஓட்டினால் டேப் தாங்காது. அந்தத் துண்டைப் பிரித்து, அந்த அம்மாவின் கேசட்டில் வெட்டிய இடத்திலேயே ஒட்டினேன்.

மறுநாள் அந்த அம்மா டிவிக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று திருகைப் பிடித்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பதினாலு செகண்ட். நான் பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான். மறுபடி போடச் சொல்லி அவர் கேட்கவில்லை.

அந்தப் பையனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கேசட் வந்தாலும், "இந்த எடத்துல என்னாங்க இருக்கு?" என்று கேட்காமல் பிளேடை எடுத்ததில்லை. முக்கால்வாசிப் பேர், "பாட்டுதாம்ப்பா, வெட்டு," என்பார்கள். இருந்தாலும் கேட்டுவிடுவேன்.