எழுதியவர் பெயர் வரும் முன்

எந்தப் பாட்டை யார் எழுதினார் என்று இப்போது போனைத் தட்டினால் வந்துவிடுகிறது. அப்போது ரேடியோவில் சொன்னால்தான் உண்டு. அதையும் யார் காதில் வாங்கினார்கள்? பாடியவர் பெயர்தான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் என் மாமா ஒரு சினிமாப் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர், டவுனில் கருப்பட்டிக் கடைக் கணக்குப்பிள்ளை. ஆற்றங்கரையில் ஒருத்தி காத்திருக்கும் அந்தப் பாட்டை எழுதி மெட்ராசுக்குத் தபாலில் அனுப்பினாராம். அதில் வரும் மருதமரம் எங்கள் ஊர் ஆற்றின் குறுக்குத்துறை மருதமரம்தானாம். நான் அப்படியே நம்பினேன். ஒன்றுதான் புரியவில்லை. அத்தை வீட்டு ரேடியோ அந்தப் பாட்டின் கடைசி வரியோடு நின்றுவிடும். அத்தை எங்கிருந்தாலும் ஓடி வந்து திருகி அணைத்துவிடுவாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்பாள்.

அத்தை மகளை, அதாவது என் மதினியை, பெண் பார்க்கத் திருச்செந்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. மாமாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“நம்ம எழுதுனதுதான்” என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா அண்ணாச்சி! முடிஞ்சதும் பேரு சொல்லுவாம்லா, கேப்போம். பாப்பா, சத்தத்தைக் கூட்டு.”

நான் பெருமையாகக் கூட்டினேன். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. பொய்க்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கடைசி வரி வந்தது. காப்பித் தட்டோடு வந்த அத்தை கூடத்தின் நடுவில் தட்டை அப்படியே கீழே போட்டாள். தம்ளர்கள் உருண்டன, மாப்பிள்ளையின் வேட்டியெல்லாம் காப்பி. அந்த அமளியில் யார் காதிலும் பெயர் விழவில்லை. ரேடியோவை ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது. அது மாமாவின் பெயர் இல்லை.

அடுக்களைக்கு ஓடினேன். “அத்தை, வேற யாரு பேரோ சொல்லுதாங்க!”

அத்தை என் வாயில் ஒரு கை கேசரியை அடைத்தாள். “எனக்குத் தெரியும்ட்டி. உங்க மாமா என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாளே ரேடியோல கேட்டுட்டேன். அவுககிட்ட சொல்லிராத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாக.”

வந்தவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த மாமா என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்.

“நீ கேட்டியாட்டி?”

தலையாட்டினேன்.

“அத்தைட்ட மூச்சு விட்றாத. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு ஒரு வீம்புல சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அவ என்னையக் கட்டிக்கிட்டா.”

இரண்டு பேருக்கும் சத்தியம் செய்தாகிவிட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை யாரிடம் மறைக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது. அத்தையிடம் கேட்டால் மாமாவுக்குச் செய்த சத்தியம் போகும், மாமாவிடம் கேட்டால் அத்தைக்குச் செய்தது போகும்.

அடுத்த வாரம் மறுபடியும் அந்தப் பாட்டு வந்தது. அத்தையின் இரண்டு கையிலும் இட்லி மாவு. மாமா சட்டைக்குப் பொத்தான் போடுகிறவர் போல நின்றார். கடைசி வரி நெருங்க நெருங்க, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து போய் ரேடியோவைத் திருகினேன்.

“பேட்டரி தீந்துரும்லா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.