வலி இல்லை என்று எழுதிய நோட்டு

பிள்ளைகளா, அப்பா மூன்று மாதம் ஒரு நோட்டில் பொய் எழுதினேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

நான் போட்டிருந்தது சோதனைக்கான செயற்கைக் கால். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கொடுத்தது. அதை மாட்டிக்கொண்டு எப்போதும்போல வேலை பார்க்க வேண்டும். வலி உண்டா, இல்லையா என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். புண் வந்தால் காலைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பேச்சுதான் என்னைப் பயமுறுத்தியது. கறம்பக்குடி மாவு மில்லில் எனக்கு நின்றே பார்க்கிற வேலை. கக்கத்தில் ஊன்றுகட்டை இருந்தால் அரைபட்டு விழும் மிளகாய்த்தூளைப் பிடிக்கக் கை ஏது? இரண்டாவது வாரமே முட்டிக்குக் கீழே புண் வந்துவிட்டது. உங்கள் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, ‘வலி இல்லை’ என்று எழுதினேன். போனில் கேட்டாலும் நல்லா இருக்குங்க என்பேன்.

மூன்றாம் மாதம் ஆராய்ச்சி செய்யும் பெண் மில்லுக்கே வந்துவிட்டார்.

“பாத்துக்கங்கம்மா, ஓட்டப்பந்தயம் வச்சா நம்ம ஆளு என்னைய முந்திருவாரு,” என்றார் முதலாளி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இயந்திரத்துக்கும் வாசலுக்குமாகப் பத்து நடை நடக்கச் சொன்னார். நாலாவது நடையில் துணி நனைவது தெரிந்தது. வேர்வையோடு இறங்கிய மிளகாய்த்தூள் புண்ணில் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஆறு. ஏழு.

நோட்டைப் புரட்டியபடி அவர் பேசினார். ஒரு குறையும் இல்லாததால், வெட்டிய கால் உள்ளே உட்காரும் கிண்ணத்தை இதே மாதிரி வைத்து அடுத்த கால் செய்கிறார்களாம். அன்னவாசல் பக்கம் சர்க்கரை நோயில் காலை எடுத்த ஓர் அம்மாவுக்கு நாளை மாட்டுகிறார்களாம்.

சர்க்கரைக்காரருக்குப் புண் வந்தால் லேசில் ஆறாது. நின்றுவிட்டேன்.

“பொய் எழுதிட்டேங்க.”

“எந்தப் பக்கத்துலண்ணே?”

“எல்லாப் பக்கத்துலயும்.”

காலைக் கழற்றிக் காட்டினேன். துணியில் மிளகாய் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அவர் நோட்டை மூடினார்.

“இதச் சொல்லத்தானண்ணே ஒங்ககிட்ட குடுத்தோம்.”

உடனே போன் போட்டு, அன்னவாசல் அம்மாவுக்குக் கால் மாட்டுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு என் புண்ணைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்தார். திருத்தித் தர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். காலைப் பையில் போட்டுக் காரில் ஏற்றினார்.

உங்கள் அம்மா ஊன்றுகட்டைகளோடு வந்து சேரும்வரை மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வாரீங்களா என்று முதலாளி கேட்கவில்லை. வாரேன் என்று நானும் சொல்லவில்லை.