திரையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கவும்

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்காது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் சுவர் என்ற பெயரில் ஏதோ ஒன்று. நான் பார்வையற்றவன். என் கைபேசி எதையும் வாய்விட்டுத்தான் எனக்குச் சொல்லும். நானும் அதனிடம் வாய்விட்டுத்தான் சொல்வேன். போதாதற்கு என் அம்மாவுக்குப் பாம்புச் செவி.

என் மனைவிக்கும் பார்வை கிடையாது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகக் கொட்டாம்பட்டிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். போன நாளிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். வளைகாப்புப் பந்தியில் அவளுடைய பெரியம்மா, "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க? மூணு வயசு வரைக்கும் இங்கயே வளரட்டும்" என்றார். என் அம்மாவும், "அதுதான் சரி" என்றாள். பந்தியே என் பதிலுக்காக அமைதியானது. நான் வாயில் பாயசத்தை வைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றேன். பக்கத்தில் என் மனைவியின் கண்ணாடி வளையல் சத்தம் சட்டென்று நின்றுபோனது.

அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றால் "நல்லா இருக்குன்னாங்க." அவ்வளவுதான். அன்று பயத்தில்தான் வாய் வரவில்லை, பிள்ளையை நாம்தான் வளர்க்கப்போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பக்கம் என் அம்மா, அந்தப் பக்கம் அவளுடைய மொத்தக் குடும்பம். பேசுவது நடக்காது, எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் கைபேசியிடம் மெதுவாகச் சொல்லி எழுதவைக்கலாம் என்று மூலையில் உட்கார்ந்து கிசுகிசுத்தேன். "என் மேல் கோபமா இருக்காதே" என்று ஆரம்பித்ததுமே சமையலறையிலிருந்து அம்மா, "கோவத்தப் பத்தி எதுக்குடா? முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லு" என்றாள். கைபேசி அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. மனைவிக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் முருங்கைக்கீரை வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எல்லாவற்றையும் அழித்தேன்.

அப்போதுதான் நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு நண்பர், கைபேசிக்குள்ளேயே பிரெய்ல் விசைப்பலகை இருக்கிறது என்றார். பிரெய்லில் எந்த எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. கைபேசித் திரையில் ஆறு விரல்களை வைத்து அந்தப் புள்ளிகளை அழுத்தினால் எழுத்து வந்துவிடுமாம். சத்தமே இல்லை. எனக்கு இது போதுமே!

செய்முறைக் குறிப்புகளைக் கைபேசி வாசித்தது. எந்தப் புண்ணியவான் தமிழாக்கினாரோ, அவர் வாழ்நாளில் ஒரு கைபேசியையாவது கையில் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். "திரை உங்களிடமிருந்து விலகிப் பார்க்கும்படி சாதனத்தைப் பிடிக்கவும்." திரை எங்கே பார்க்கும்? நானே பார்ப்பதில்லை. "வலது பக்கம் தள்ளினால் இடைவெளி." யாருடைய வலது? என்னுடையதா, முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் கைபேசியுடையதா? "இரு விரல்களால் மேலே தள்ளினால் அனுப்பப்படும், கீழே தள்ளினால் மறையும்." நான் தள்ளிய தள்ளில் விசைப்பலகை ஏழெட்டுத் தடவை மறைந்தது. கடைசியில், "பயிற்சி செய்து பார்க்க விரும்புகிறீர்களா?" என்று வேறு கேட்டது. இருபது வருடமாகப் பிரெய்ல் எழுதுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எரிச்சலில் வேண்டாம் என்று தட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் எந்த பஸ் வருகிறது, எது பின்னால் எடுக்கிறது என்று தெரியாது. மாட்டாவிட்டால் நான் எழுதுவதை எல்லாம் கைபேசி ஊருக்கே வாசித்துவிடும். அதனால் எழுத்துகளை வாசிக்கும் வசதியை அணைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

கைபேசியைக் குறுக்கே படுக்கவைத்து, திரையை அந்தப் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் தாங்கிப் பிடித்து, மற்ற விரல்களை வளைத்துத் திரையில் வைத்தேன். எதிரே நின்றிருந்த ஒருவர், "அண்ணே, படம் எங்க பக்கம் தெரியிது, திருப்பிப் பிடிங்க" என்றார். "தெரிஞ்சுதாண்ணே பிடிச்சிருக்கேன்" என்றேன். "போட்டோவா எடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அசையாமல் நின்றார் போல. கொஞ்ச நேரம் அவரிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அவர் பஸ் வந்த பிறகுதான் நிம்மதியாக எழுத முடிந்தது.

மனதில் இருந்ததெல்லாம் எழுதினேன். பயமாக இருந்தது, அதனால்தான் பாப்போம் என்றேன். இப்போதும் பயம்தான். ஆனாலும் பிள்ளை நம்மோடுதான் இருக்கும். என்னை மன்னித்துவிடு. இரண்டு விரலால் மேலே தள்ளினேன். அனுப்பிவிட்டதாகக் கைபேசி ஓர் அதிர்வு கொடுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதி முடித்த பெருமையும் அதில் கொஞ்சம் உண்டு.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் அம்மா டிவியில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து, கைபேசியைக் காதோடு வைத்து, அனுப்பியதை வாசிக்கச் சொன்னேன். அது வாய் கொப்பளிப்பது போல என்னவோ உளறியது. ஒரு சொல் கூடத் தமிழில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஸ்லேட் என்ற துளைச்சட்டத்தில் காகிதத்தைச் செருகிப் பிரெய்ல் எழுதும்போது அதன் பின்பக்கத்தில் ஊசியால் குத்துவோம். திருப்பிப் போட்டால்தான் புள்ளி மேடாக வரும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றிக் குத்துவது எங்கள் கைப்பழக்கம். திரையை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னதும், காகிதத்தின் பின்பக்கம் வந்துவிட்டோம் என்று என் விரல்கள் தாமாகவே முடிவு செய்துவிட்டன. முழு மன்னிப்பையும் இடவலம் மாற்றியே எழுதித் தள்ளியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் கைபேசியைக் கிணற்றில் போட்டிருப்பேன், வீட்டில் கிணறு இல்லை.

அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பதற்றத்தில் இயர்போனைத் தேடாமல் தட்டிவிட்டேன். கூடம் முழுக்க அவள் குரல்.

"ஏங்க, என்னமோ கிறுக்கி அனுப்பியிருக்கீங்களேன்னு மொதல்ல பயந்தே போனேன். அப்புறந்தான் இந்த மனுசன் ஸ்லேட்டுல குத்துற மாதிரியே குத்தியிருப்பாருன்னு தோணுச்சு. எழுத்து எழுத்தாக் கேட்டு, மாத்தாம அப்படியே பேப்பர்ல குத்துனேன். உட்கார முடியல, நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம். திருப்பிப் போட்டு விரல வச்சா அம்புட்டும் நேரா வந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எனக்கும் பயந்தாங்க. ஆனா புள்ள நம்மகூடதான் இருக்கும்னு எங்கிட்ட எழுதி என்ன செய்ய? எனக்கு எப்படி எழுதுனாலும் நான் படிச்சிருவேன். மத்தவங்களுக்கு நேரா வாயத் திறந்து சொல்லுங்க."

டிவி சத்தம் நின்றது. அம்மா ரிமோட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா எழுதுன அவளுக்கு?"

இந்தத் தடவை என் வாயில் பாயசம் எதுவும் இல்லை. "புள்ள இங்கதாம்மா வளரும். நாங்க ரெண்டு பேருந்தான் வளப்போம்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா என் பக்கமாக வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "தவழ ஆரம்பிச்சு எந்த மூலையில கிடக்குன்னு எப்படிடா கண்டுபிடிப்பீங்க?"

அம்மாவுடைய பயமும் எனக்கு அப்போதுதான் கேட்டது.

"காதாலதாம்மா."

அம்மா எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். அங்கிருந்தே சொன்னாள்: "அப்படின்னா கொலுசு வாங்க நானும் வாரேன். நீ பாட்டுக்குப் போயி சத்தம் வராத கொலுசா வாங்கிட்டு வந்துறாத."